கையடக்கக் கேம் திரையைச் சுவரில் விழுத்துவது எப்படி: வில்லைக் கணக்கும் வெளிச்சக் கணக்கும்

கையடக்கக் கேம் கருவியின் சின்னத் திரையைச் சுவரில் பெரிதாகப் பார்க்க மூன்று பொருட்கள் போதும்: ஒளிரும் திரை, ஒரு குவிவு வில்லை, வெளிச்சம் புகாத ஒரு மட்டைப்பெட்டி. வயரிங் இல்லை, சோல்டர் வேலை இல்லை. ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் செய்து பார்த்த பலர் அடுத்த நாளே அதை அலுமாரிக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சுவர் முழுக்கப் படம் வரும் என்று நம்பித் தொடங்கியதுதான் காரணம். இந்தக் கருவியால் எவ்வளவு பெரிய படத்தைத் தாங்க முடியும் என்பதைக் கடைக்குப் போவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

சாதாரண தர விஞ்ஞானத்தில் படித்த குவிவு வில்லைதான் இது. தொலைவிலிருந்து வரும் ஒளியை வில்லை எவ்வளவு தூரத்தில் ஒரு புள்ளியாகக் கூட்டுகிறதோ அதுதான் அதன் குவியத் தூரம். பொருளை அந்தத் தூரத்துக்குச் சற்று வெளியே வைத்தால் மறுபக்கத்தில் பெரிய, தலைகீழான மெய் விம்பம் உண்டாகும். மெய் விம்பம் என்பதால்தான் அதைச் சுவரில் பிடிக்க முடிகிறது. குவியத் தூரத்துக்கு உள்ளே வைத்துவிட்டால் மாய விம்பம்தான் கிடைக்கும். சுவரில் வெறும் வெளிச்சப் படலம் தெரியும், எப்படி நகர்த்தினாலும் படம் கூடிவராது.

தூரங்களுக்கு இரண்டு சூத்திரங்கள் போதும். திரைக்கும் வில்லைக்கும் இடைத் தூரம் = குவியத் தூரம் × (1 + 1/உருப்பெருக்கம்). வில்லைக்கும் சுவருக்கும் இடைத் தூரம் = குவியத் தூரம் × (1 + உருப்பெருக்கம்). 200 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லையை எடுத்துக்கொள்வோம். நாலு மடங்கு பெரிதாக்க வேண்டுமானால் திரையிலிருந்து 250 மில்லிமீற்றரில் வில்லை, அங்கிருந்து ஒரு மீற்றரில் சுவர். எட்டு மடங்குக்கு 225 மில்லிமீற்றரும் 1.8 மீற்றரும். சுவர் 80 சென்ரிமீற்றர் தள்ளிப் போனாலும் வில்லை நகர்வது 25 மில்லிமீற்றர்தான். ஆகவே வில்லையை நாலைந்து சென்ரிமீற்றர் முன்னும் பின்னும் இழுக்க முடிகிற குழாய் ஒன்று இருந்தால் வீட்டில் தேவைப்படும் எல்லாத் தூரங்களுக்கும் அது ஈடுகொடுக்கும்.

வில்லை வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘3 எக்ஸ்’, ‘5 எக்ஸ்’ போன்றவற்றை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அந்த எண்ணை ஒருவர் ஒரு முறையிலும் மற்றவர் வேறு முறையிலும் கணக்கிடுகிறார்கள். அதே 3 எக்ஸ் வில்லையின் குவியத் தூரம் ஏறக்குறைய 83 மில்லிமீற்றராகவும் இருக்கலாம், 125 ஆகவும் இருக்கலாம். அளந்து பார்ப்பது சுலபம். பகலில் அறையின் உட்சுவரில் வெள்ளைத் தாளைப் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே தொலைவில் தெரியும் மாடிக் கட்டடத்தையோ, கொழும்பென்றால் தாமரைக் கோபுரத்தையோ தாளில் தெளிவாக விழுத்துங்கள். வில்லைக்கும் தாளுக்கும் இடையிலுள்ள தூரமே குவியத் தூரம். சூரியனை வைத்து அளக்காதீர்கள். தாள் எரியும், கண்ணும் போகும். வில்லையில் டையொப்டர் (வில்லையின் வலுவைக் காட்டும் எண்) போட்டிருந்தால் 1000ஐ அந்த எண்ணால் வகுங்கள்: 5 டையொப்டர் என்றால் 200 மில்லிமீற்றர்.

உருப்பெருக்கிக் கண்ணாடிகள் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களிலும் பெரிய ஸ்டேஷனரி கடைகளிலும் கிடைக்கும். நமக்குத் தேவை 90 அல்லது 100 மில்லிமீற்றர் விட்டமும் 180 முதல் 250 வரையான குவியத் தூரமும் உள்ளது. கையில் ஒரு டேப் இருந்தால் கடை வாசலிலேயே அளந்துவிடலாம். புத்தகம் வாசிப்பதற்கு விற்கும் ஏ4 அளவு பிளாஸ்டிக் தகடு பிரெனெல் வில்லை வகை. 1820களில் ஒகஸ்டின் பிரெனெல் கலங்கரை விளக்கத்துக்காக வகுத்த அதே முறையில், கண்ணாடியின் பருமனை வளையம் வளையமாகக் குறைத்துத் தட்டையாக்கியிருப்பார்கள். அது மலிவு, வெளிச்சத்தையும் நிறையப் பிடிக்கும். ஆனால் அந்த வளையங்களின் விளிம்புகளில் ஒளி சிதறுவதால் கறுப்பு சாம்பலாகிவிடும், எழுத்துக்குக் கூர்மை வராது. கிடைத்தால் பழைய அனலொக் போட்டோகொப்பி இயந்திரத்தின் வில்லைதான் முதல் தரம். பல கண்ணாடித் துண்டுகள் சேர்ந்தது என்பதால் ஓரம் வரை கூர்மையாக விழும். ஓவர்ஹெட் புரொஜெக்டரின் தலையில் இருக்கும் வில்லையும் நல்லது. இரண்டையும் பழுதுபார்க்கும் கடைகளில் கழித்துப்போட்ட சாமான்களுக்குள் தேடலாம்.

இனி வெளிச்சம். வில்லை எதையும் புதிதாகப் பிறப்பிப்பதில்லை. திரையின் ஒவ்வொரு புள்ளியும் முன்பக்கத்தில் எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிந்துகிறது. அதில் வில்லைக்குள் அகப்படும் பங்கு மட்டும் சுவருக்குப் போய், அங்கே பெரிய பரப்பில் பரந்துவிடுகிறது. கணக்கு இதுதான்: படத்தின் வெளிச்சம் வில்லை விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன், வில்லைக்கும் சுவருக்கும் இடையிலான தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதசமன்.

எண் போட்டுப் பார்த்தால் நிலவரம் விளங்கும். 300 நிட் (ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதற்கான அலகு) ஒளிரும் ஒரு திரை, 90 மில்லிமீற்றர் வில்லை, ஒரு மீற்றரில் வெள்ளைச் சுவர். படத்தின் வெள்ளைப் பகுதி ஏறத்தாழ அரை நிட்தான் இருக்கும். சினிமாத் திரைக்கான நியமம் 48 நிட். நமது படம் அதில் நூறில் ஒரு பங்கு. எட்டு மடங்கு பெரிதாக்கச் சுவரை 1.8 மீற்றருக்குத் தள்ளினால் இருந்ததும் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடும். ஒரு மீற்றரிலேயே படம் சுவரில் போடும் வெளிச்சம் இரண்டு லக்ஸுக்கும் (பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) குறைவு. சாதாரண அறை விளக்கு பல பத்து லக்ஸ் போடும். ஆகவே ‘ஒரு லைட்டை மட்டும் போட்டுக்கொள்வோம்’ என்ற சலுகைக்கு இங்கே இடமில்லை. தெரு விளக்கு திரைச்சீலை வழியே கசிந்தாலே படத்தின் கறுப்பு வெளிறிவிடும்.

அதனால் இப்படி ஒரு எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்: படம் ஒரு முழு பிரிஸ்டல் போர்ட்டுக்குள் அடங்க வேண்டும். நின்டெண்டோ சுவிட்ச் லைட்டின் 5.5 அங்குலத் திரை ஏறக்குறைய 122க்கு 69 மில்லிமீற்றர். நாலு மடங்கில் 49க்கு 27 சென்ரிமீற்றர் வரும், அதாவது 22 அங்குலப் படம். கட்டிலில் படுத்திருந்து ஒருவரோ இருவரோ விளையாட அது தாராளம். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் பூசிய சுவர் பெரும்பாலும் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும். வெள்ளை பிரிஸ்டல் போர்ட்டை ஒட்டிவிட்டால் நிறமும் சரியாகும், வெளிச்சமும் வீணாகாது. கொழும்பில் எந்த மாதத்திலும் ஆறு, ஆறரையளவில் பொழுது பட்டுவிடும். ஏழு மணிக்கு மேல் அறையைக் கட்டி இருட்டாக்கி, கண் பழகப் பத்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் பார்வையில் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றிய படம் அதற்குப் பிறகு கணிசமாகத் தேறித் தெரியும்.

பெரிய வில்லை நல்லது என்றால் ஏன் இன்னும் பெரிதாகப் போடக்கூடாது? இங்கேதான் கூர்மை குறுக்கே வருகிறது. ஒற்றைக் கண்ணாடி வில்லையின் நடுவால் போகும் கதிர்களும் விளிம்பால் போகும் கதிர்களும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. இந்தக் கோளப் பிறழ்ச்சியால் உண்டாகும் மங்கல் திறப்பு விட்டத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடும். திறப்பைப் பாதியாக்கினால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும், மங்கலோ எட்டில் ஒன்றாகக் குறையும். 90 மில்லிமீற்றர் வில்லையை முழுதாகத் திறந்து வைத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் ஒவ்வொரு புள்ளியும் சில மில்லிமீற்றர் அகலத்துக்குப் பூத்து நிற்கும். நாலு மடங்குப் படத்தில் ஒரு பிக்சல் 0.4 மில்லிமீற்றர்கூட இல்லை. மெனு எழுத்து வாசிக்க முடியாது.

வழி, கறுப்பு மட்டையில் வட்டத் துளை வெட்டிய வளையங்கள். 75, 65, 55, 45 மில்லிமீற்றர் என்று நாலு வளையம் வெட்டி, ஒவ்வொன்றாக வில்லைக்கு முன் ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் மறுபடி ஃபோகஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசம் தெரியாது. கார்ப் பந்தயம், பந்து விளையாட்டு என்றால் 75 போதும். வசனம் வாசிக்க வேண்டிய கேம் என்றால் 55க்கு இறங்க வேண்டிவரும். எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கரைகட்டுவது வேறு குற்றம்: ஒவ்வொரு நிறத்துக்கும் குவியத் தூரம் சற்றே வேறுபடுவதால் வருவது. வளையம் அதையும் குறைக்கும், முற்றாகப் போக்காது. நடு கூராகவும் ஓரம் மங்கலாகவும் இருந்தால், விம்பம் விழும் பரப்பே வளைந்திருக்கிறது என்று பொருள். அப்போது நடுவுக்கும் மூலைக்கும் பாதி வழியில் இருக்கும் ஓர் எழுத்தைப் பார்த்து ஃபோகஸ் பண்ணுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி நியாயம் கிடைக்கும்.

வில்லையின் ஒரு முகம் தட்டையாக இருந்தால் அது கேம் கருவியைப் பார்க்க வேண்டும், குவிந்த முகம் சுவரைப் பார்க்க வேண்டும். பிரெனெல் தகட்டில் வழுவழுப்பான முகம் கருவிப் பக்கம், வரி ஓடிய முகம் சுவர்ப் பக்கம். திருப்பிப் போட்டாலும் படம் விழும், ஆனால் மங்கல் கூடும். ஒரே மாதிரியான இரண்டு உருப்பெருக்கிகளை ஒட்டினாற்போல் வைத்தால் குவியத் தூரம் பாதியாகி, அதே நாலு மடங்குப் படம் அரை மீற்றரிலேயே விழும். வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்கு. மூலைகள் மிகவும் மோசமாகும் என்பதால் இதைப் பழைய சின்னத் திரைகளுக்கு மட்டும் சிபாரிசு செய்யலாம்.

பெட்டி வேலைக்கு வருவோம். இணையத்தில் காட்டுவதுபோல் கருவியைப் பெட்டிக்குள்ளே அடைப்பது நல்ல யோசனை அல்ல. சுவிட்ச் லைட் 208 மில்லிமீற்றர் நீளம், சாதாரண சப்பாத்துப் பெட்டியின் அகலத்துக்குள் நுழையாது. நுழைந்தாலும் பின்பக்கத்தால் காற்றை உறிஞ்சி மேல்விளிம்பால் சூட்டை வெளியே தள்ளும் கருவி அது. அடைத்த பெட்டிக்குள், அதுவும் கொழும்புப் புழுக்கத்தில், அதன் ஃபான் ஓயாமல் கத்தும். பெட்டியின் பின்சுவரில் 125க்கு 72 மில்லிமீற்றர் ஜன்னல் வெட்டி, கருவியை வெளியே நிறுத்தி, அதன் முகத்தை ஜன்னலோடு சேர்த்துவிடுவதே உசிதம்.

அப்படிச் சேர்க்கும்போது ஒரு வில்லங்கம் உண்டு. கட்டைவிரல் ஸ்டிக்குகளும் பொத்தான்களும் மட்டையில் முட்டும். ஸ்டிக் சற்றுச் சாய்ந்திருந்தாலே திரையில் ஆள் தன்பாட்டில் நடந்துகொண்டிருப்பான். ஆகவே 15 மில்லிமீற்றர் தடிப்பான ரிஜிபோமில் திரையளவு துளையுள்ள ஒரு சட்டம் வெட்டி, ஜன்னலைச் சுற்றி வெளிப்பக்கம் ஒட்டுங்கள். அதன் வெளி அகலம் 140 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மறுபடி பொத்தானில் ஏறும். கருவி இந்தச் சட்டத்தில் மட்டும் சாய்ந்து நிற்கும், இரண்டு அகலமான ரப்பர் பட்டிகள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

முன்சுவரில், ஜன்னலின் மையத்துக்கு நேரே, வில்லைக் குழாய்க்கான வட்டம். 110 மில்லிமீற்றர் பிவிசி பைப்பில் 12 சென்ரிமீற்றர் துண்டு வெட்டினால் 90 மில்லிமீற்றர் வில்லை அதன் சட்டத்தோடு உள்ளே அடங்கும், கைப்பிடியை அறுத்துவிடுங்கள். பைப்புக்குக் காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்கள் பிரிஸ்டல் போர்ட்டை மூன்று சுற்றுச் சுருட்டி பைண்டர் கம்மில் ஒட்டலாம், மழைக்காலத்தில் ஈரம் ஏறிச் சற்றுக் கோணும் என்பதைத் தெரிந்துகொண்டு. குழாய் பெட்டித் துளைக்குள் இறுக்கமாகவும் அதேசமயம் தள்ளினால் நகரும்படியும் இருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் வில்லை தலைகுனிந்து படத்தின் கீழ்ப்பாதி மட்டும் கூராகும். துளையின் உள்விளிம்பில் துணிப்பட்டி ஒட்டுவது இதற்குப் போதும். பெட்டியின் உட்புறம் முழுவதும் மினுக்கமில்லாத கறுப்பு. மினுங்கும் எனாமல் பெயின்ட் வேண்டாம். டிமை தாளில் கறுப்பு வாங்கி ஒட்டினால் போதும். உள்ளே வெள்ளை மட்டை தெரிந்தால் திரையின் ஒளி அதில் பட்டுத் திரும்பி, படத்தின் மேல் பால் பூசியதுபோல் ஒரு வெளிறல் விழும்.

விம்பம் மேல்கீழாகவும் இடவலமாகவும் திரும்பி விழும். கருவியைத் தலைகீழாக நிறுத்தினால் இரண்டும் ஒரேயடியாகச் சரியாகிவிடும், கண்ணாடி எதுவும் வேண்டாம். நேராக்குவதற்கென்று ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை இடையில் வைத்தால் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். கண்ணாடி தேவைப்படுவது, டிரேசிங் தாளை விரித்து அதன் பின்னாலிருந்து படத்தை விழுத்தும்போது மட்டுந்தான். தலைகீழாக நிறுத்துவதில் ஒரு லாபமும் ஒரு நட்டமும் இருக்கின்றன. சுவிட்ச் லைட்டின் சார்ஜ் துளை கீழ்விளிம்பில் இருப்பதால் அது மேலே வந்து வயர் போட வசதியாகும்; சூட்டுக்காற்று வரும் மேல்விளிம்பு கீழே போய்விடும், அதனால் இரண்டு ஓரங்களிலும் போத்தல் மூடிகளைக் கொடுத்து மேசையிலிருந்து உயர்த்தி வையுங்கள். திரையின் பிரகாசம் உச்சத்தில், தானியங்கிப் பிரகாசம் நிறுத்தி, தூங்கும் நேரத்தைக் கூட்டி வைத்துவிட்டு ரப்பர் பட்டியைப் போடுங்கள். பிறகு அதைத் தொட முடியாது.

விளையாடுவது தனிக் கொன்ட்ரோலரால்தான். சுவிட்ச் லைட்டில் பொத்தான்கள் கழலாவிட்டாலும் வெளிக் கொன்ட்ரோலரை வயரில்லாமல் இணைக்கலாம். இதற்கு டிவி வெளியீடு இல்லாததால் இந்தப் பெட்டிக்கு உண்மையான வேலை இருக்கிறது. பெரிய சுவிட்ச், ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் கேபிள் போட்டு டிவியில் பார்ப்பதே மேல், பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள் என்றால் வேறு. சோனியின் பழைய கையடக்கக் கருவியான பிஎஸ்பியின் 4.3 அங்குலத் திரை அளவில் அருமையாகப் பொருந்தும், ஆனால் பொத்தான்கள் கருவியோடு ஒட்டியவை. தலைகீழாகப் பிடித்து விளையாட யாராலும் முடியாது. வீடியோ பார்க்க மட்டும் உதவும். 1989இல் வந்த முதல் கேம் போய், 2001இல் வந்த கேம் போய் அட்வான்ஸ் இரண்டும் அடியோடு ஆகாது: அவற்றின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, வெளி வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுபவை. இருட்டுப் பெட்டியில் வைத்தால் சுவரும் இருட்டாகவே இருக்கும்.

இணையத்தில் இன்னொரு முறையும் சுற்றுகிறது: எல்சிடி திரையைக் கழற்றி, பின்விளக்கை எடுத்துவிட்டு, பின்னால் 100 வாட் எல்ஈடி ஒன்றை வைப்பது. படம் பல மடங்கு பிரகாசமாகும் என்பது உண்மை. ஆனால் நிற எல்சிடி வழியே கடப்பது விழுந்த ஒளியில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சம் முழுதும் அந்தத் தகட்டிலேயே சூடாகத் தங்குகிறது. சூடு ஏறினால் படத்தில் கரும் திட்டுகள் தோன்றும், ஆறியதும் போகும். தொடர்ந்து ஏறினால், ஒளியை ஒரு திசை அதிர்வுக்கு வடிகட்டும் முனைவாக்கிப் படலம் மஞ்சளித்து நிரந்தரமாகக் கெடும். ஹீட்சிங்க், இரண்டு ஃபான், எல்ஈடிக்குத் தனி டிரைவர், ஒளியைத் திரட்ட இன்னொரு பிரெனெல் என்று செலவும் கூடும். ஏற்கெனவே உடைந்துபோன கருவி கையிலிருந்தால் முயலலாம். ஓஎல்இடி திரையில் இது சாத்தியமே இல்லை, அதில் கழற்றப் பின்விளக்கு என்று ஒன்றில்லை.

விளையாடி முடித்ததும் கருவியைக் கழற்றி, வில்லைக்கு ஒரு மூடி போட்டுவிடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலைப் பார்த்த ஜன்னல்களில் பின்னேர வெயில் நேரே உள்ளே விழும். மூடாத வில்லை அதை அப்படியே பெட்டிக்குள் குவிக்கும். மட்டை கருகவோ தீப்பிடிக்கவோ அது போதும். பிரெனெல் தகட்டை ஸ்பிரிட்டால் துடைக்காமல் சவர்க்காரத் தண்ணீரில் அலசி நிழலில் உலர விடுங்கள். கண்ணாடி வில்லை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே சப்பாத்து வாங்கும்போது பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை அதனுடன் ஒரு மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள்.